இன்னாசியோடு போன ஐப்பசி

சில்லமட்டத்தில் ஐப்பசி மாதம் முடியாமல் நின்றுபோன வருஷத்தில், அது இன்னாசியின் நெஞ்சுக்காகத்தான் நிற்கிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதனால் யாரும் யாரிடமும் காரணம் கேட்டுக்கொள்ளவில்லை. ஐப்பசி பதினெட்டாம் தேதி கீழே ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இன்னாசியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அவர் மனைவி பிலோமினாவிடம், "இந்த மழை முடிஞ்சு பனி விழ ஆரம்பிச்சா இந்த நெஞ்சு தாங்காதும்மா" என்றார். இருவரும் பஸ் ஏறி, பன்னிரண்டு கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றி மலைக்கு வந்து இறங்கியபோது மெல்லிசாகத் தூறிக்கொண்டிருந்தது. அவர்களுடைய பேக்கரிக்கு எதிரில் இருந்த பேரிக்காய் மரம் மஞ்சளும் சிவப்புமாக இலை உதிர்த்துக்கொண்டிருந்தது. பிலோமினா குடையை மடக்கிக்கொண்டே, இது இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று நினைத்தாள். அது அப்படியே இருந்துவிட்டது.

இன்னாசி முப்பத்து நாலு வருஷம் தேயிலை எஸ்டேட்டில் மழை அளந்தவர். தினமும் காலை ஆறு மணிக்கு மழைமானியில் சேர்ந்த தண்ணீரை அளந்து ரிஜிஸ்டரில் எழுதுவது வேலை. அதில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அவருக்கு முன்னால் இருந்தவர்கள் அதில் காற்று என்றோ இடி என்றோ எழுதினார்கள், இன்னாசி நாலு வரி எழுதினார். முதலில் கோபித்துக்கொண்ட மேனேஜர் பிறகு சனிக்கிழமைதோறும் ரிஜிஸ்டரை பங்களாவுக்கு வரவழைத்துத் தன் மனைவிக்குப் படித்துக் காட்டினார். அடைமழை ஓய்ந்து, பனி வருவதற்கு முன்னால் வாடைக்காற்று வீசும் நாட்களுக்குக் கூதிர் என்று ஒரு பழைய பெயர் இருப்பதை ஊருக்குச் சொன்னவரும் அவர்தான். மற்ற காலங்களில் அவர் எழுதினது சுமாராக இருக்கும். கூதிர் வந்தால் கை வேறுமாதிரி ஓடும்.

அந்தக் கூதிர் நாட்களில்தான் கீழ்க்காட்டிலிருந்து அரசாணிக்காய்கள், மற்ற ஊர்களில் பரங்கிக்காய் என்பார்கள், மூட்டையாக மேலே வரும். பிலோமினா அவற்றை வெட்டி ஆவியில் வேகவைத்து, மசித்து, கருப்பட்டியும் சுக்கும் பட்டையும் சேர்த்து மாவில் பிசைந்து, விறகு அடுப்பில் ரொட்டி சுடுவாள். வருஷத்தில் அந்த ஒரு மாதம் மட்டும் கிடைக்கிற ரொட்டி அது. உள்ளே காவி நிறத்தில், ஈரமாக, பிட்டால் நூல் இழுக்கும். ரிட்டையரான பிறகு இன்னாசி கடையில் உட்கார்ந்து, ரொட்டி சுற்றிக் கொடுக்கும் பழுப்புத் தாளில் அன்றன்றைக்குத் தோன்றியதை எழுத ஆரம்பித்தார்.

மேகம் இன்று கடைக்குள் வந்து உட்கார்ந்தது.
எதுவும் கேட்கவில்லை.
எழுந்துபோன பிறகு பார்த்தேன்,
கண்ணாடி முழுக்க விரல் ரேகை.

இந்த மாதிரி. ரொட்டி வாங்கினவர்கள் முதலில் தாளைப் படித்துவிட்டுத்தான் பிரித்தார்கள். முதல் ரொட்டி இறங்குகிற சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் கடைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பிட்டுத் தின்பார்கள், அவர் அன்று எழுதியதைப் படிப்பார், அவள் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த மாவைப் பார்க்க உள்ளே போவாள்.

இனி அந்த வருஷத்துக்கு வருவோம். கார்த்திகை வந்தது, மார்கழி வந்தது. காலண்டரில் வந்தது, ஊருக்குள் வரவில்லை. மலையடிவாரத்தில் அந்தந்த மாதத்து வெயிலும் பனியும் முறைப்படி நடந்துகொண்டிருக்க, மேலே தூறிக்கொண்டே இருந்தது. பேரி மரம் பகலெல்லாம் இலை உதிர்த்துவிட்டு, விடிந்து பார்த்தால் முந்தின நாள் இருந்த அதே இலைகளோடு நிற்கும். அரசாணிக்கொடி பறிக்கப் பறிக்கக் காய்த்தது. இன்னாசி தன் கொல்லையில் வைத்திருந்த மழைமானியில் தினமும் ஏழு மில்லிமீட்டர்தான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஏழாவது வாரம் அவர் அளப்பதை நிறுத்திவிட்டார்.

ஊர் அதற்குத் தன்னைப் பழக்கிக்கொண்டது. பங்குச் சாமியார் மேலிடத்தில் கேட்டார். காலண்டர்படி நடத்துங்கள் என்று பதில் வந்தது. கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை ஐப்பசித் தூறலில் கட்டினார்கள், பூசையில் பாட்டு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஒத்திகைக்குப் போய்வந்தது போலத்தான் எல்லோரும் வீடு திரும்பினார்கள். இன்னும் ஐப்பசிதானே என்று சின்னப் பிள்ளைகள் மாதாமாதம் தீபாவளி கேட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர் ஆலோசித்து, பட்டாசு ஒரு தடவைதான், முறுக்குச் சுடுவதில் ஆட்சேபணை இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். துவைத்த துணி ஆறு மாதமாகக் காயாததால் அடுப்புக்கு மேலே கொடி கட்டினார்கள், பள்ளிக்கூடத்தில் புகை வாசனையை வைத்தே யார் வீட்டுப் பிள்ளை என்று டீச்சர் சொன்னார். யாருக்கும் முடி வளரவில்லை, நகம் வளரவில்லை. சலூன் வைத்திருந்த சின்னராசு கடையில் பாதியைத் தடுத்து டீ போட ஆரம்பித்தார்.

முடியாத கூதிரைப் பற்றிக் கேள்விப்பட்டுக் கீழேயிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு பேரி மரத்தடியில் படம் எடுத்துக்கொண்டார்கள், உதிர்கிற இலையைக் கையில் பிடித்தார்கள், அரசாணி ரொட்டி வாங்கி, தாளில் இருந்ததை ஒருவருக்கொருவர் சத்தமாகப் படித்தார்கள். பத்து ரொட்டி போட்ட இடத்தில் நூறு போடவேண்டியதாயிற்று. அடுப்பு ஒன்று இரண்டானது. உதவிக்கு மூன்று பெண்களை வைத்தும் பிலோமினாவுக்கு நிமிரப் பொழுதில்லை. கடை நடக்கிறவரைக்கும் காலம் நிற்கும் என்று அவளாக ஒரு எண்ணம் வளர்த்துக்கொண்டாள். ரொட்டி வேகிற வாசனை ஊரில் ஒரு நாள் இல்லாமல் போனால் அந்த இடைவெளியில் பனி நுழைந்துவிடும் என்று பயந்தாள். அவருக்காகத்தான் அத்தனையும் செய்தாள்.

அவரோ தினமும் சாயங்காலம் அடுப்பங்கூடத்து வாசலில் வந்து நிற்பார்.

"பிலோமி, கொஞ்ச நேரம் வெளிய வந்து உக்காரேன். இன்னிக்கு ஒண்ணு நல்லா வந்துருக்கு."

"இந்தத் தட்டு இறங்கட்டுங்க. ராத்திரி படிங்க, கேக்கறேன்."

ராத்திரி அவள் கட்டிலில் உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்கிவிடுவாள். அன்றைய தாள்கள் எல்லாம் ரொட்டியோடு மலை இறங்கிப் போயிருக்கும். ஆறு மாதத்தில் அவர் எழுதியதில் ஒன்றைக்கூட அவள் முழுசாகப் படிக்கவில்லை. நாளைக்கு இருக்கிறது, நாளைக்கும் இதே ஐப்பசிதானே என்ற தைரியம்.

அவர்களுடைய ஒரே மகள் ரெஜினா அந்த ஐப்பசியில்தான் எட்டு மாதக் கர்ப்பத்தோடு பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். எட்டு மாதம் எட்டு மாதமாகவே இருந்தது. திருப்பூரில் வேலை பார்க்கிற அவள் புருஷன் வாரம் ஒருமுறை வந்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விரல் விட்டு எண்ணிவிட்டுத் திரும்பிப் போனான். மாதாமாதம் கீழே கூட்டிக்கொண்டு போனார்கள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "பிள்ளை நல்லா இருக்கு, அடுத்த மாசம் வாங்க" என்றார். மறுமாதம் அதையே சொன்னார். சில்லமட்டத்துக்காரர்கள் எங்கே போனாலும் ஊர்க் காலம் அவர்கள் மேலேயே இருந்தது. பங்குனி வெயிலில் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரெஜினாவின் சால்வை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்து, வெளியே மழையா என்று நர்ஸ் கேட்டாள்.

ஊரிலும் மெல்ல மெல்ல அலுப்புத் தட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாலைந்து பேர் கோயில் முற்றத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பத்து மணி பஸ்ஸின் கண்டக்டர் போஜனுக்கு ரெண்டு ஏக்கர் உருளைக்கிழங்கு. பங்குச் சாமியாரிடம் ஒரு கையெழுத்துக்காக வந்தவர் அந்தப் பேச்சில் சேர்ந்துகொண்டார்.

"போட்ட விதை போட்டபடி கெடக்கு. அழுகவும் மாட்டேங்குது, முளைக்கவும் மாட்டேங்குது" என்றார் போஜன்.

"ஒரே ஒரு வாரம் பனி விழுந்தாப் போதும்" என்றார் இன்னொருவர்.

அப்போதுதான் இன்னாசி குடையோடு பின்னால் நிற்பதைப் பார்த்தார்கள். போஜன் உடனே பஸ் டயரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இன்னாசியும் டயரைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். வீட்டில் ரெஜினா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"வலிக்குதா கண்ணு?"

"வலி இல்லப்பா. உள்ள அசையுது. இருட்டுல கதவைத் தடவித் தேடற மாதிரி அசையுது."

அவர் அவள் சால்வையை இழுத்துப் போர்த்திவிட்டார்.

சித்திரை பன்னிரண்டாம் தேதி புதன்கிழமை, இன்னாசி பழைய எஸ்டேட் கோட்டைப் போட்டுக்கொண்டார். துணிப்பையில் ஆறு ரொட்டிகளும் ஒரு கட்டுப் பழுப்புத் தாளும் எடுத்து வைத்துக்கொண்டு அடுப்பங்கூடத்து வாசலில் வந்து நின்றார்.

"பிலோமி, பத்து மணி பஸ் வந்துருச்சு. கெளம்பு, போய்ட்டு வரலாம்."

"எங்கங்க?"

"கீழ. சும்மா."

"வெளிய அறுபது பேர் நிக்கறாங்க. இந்தத் தட்டு இறங்கட்டும், மத்தியானமாப் போலாம்."

"மத்தியானம் பஸ் கெடையாது."

"அப்ப நாளைக்குப் போலாங்க."

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "மூக்குல மாவு ஒட்டியிருக்கு" என்றார். அவள் திரும்பிப் பார்க்காமலே தோளில் துடைத்துக்கொண்டாள்.

பஸ் நகர்ந்ததும் மூடுபனி அதன் பின்னாலேயே போயிற்று என்று பிற்பாடு போஜன் சொன்னார். கன்றுக்குட்டியைப் போல முதலில் தயங்கி நின்றது, அப்புறம் ஓடி வந்து சேர்ந்துகொண்டது, பன்னிரண்டு வளைவுகளிலும் பின்கண்ணாடியை மோந்துகொண்டே வந்தது. இன்னாசி அண்ணன் கடைசி சீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், பக்கத்து சீட்டில் பையை வைத்திருந்தார், கூட்டம் ஏறியபோதும் எடுக்கவில்லை.

அடுப்பங்கூடத்து ஜன்னலில் வெளிச்சம் சட்டென்று வெள்ளையாக மாறியதைப் பார்த்துத்தான் பிலோமினா வெளியே வந்தாள். ஆறு மாதமாக வரவேண்டியிருந்தது எல்லாம் வரிசையாக வந்துகொண்டிருந்தது. பேரி மரம் எல்லா இலையையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு மொட்டையாக நின்றது. பதினோரு மணிக்குப் புல்லெல்லாம் உறைபனி விழுந்து வெளுத்தது. பன்னிரண்டு மணிக்கு அது உருகி ஓடியது. பிறகு காய்ந்த காற்று அடித்தது, கொடிகளில் இருந்த துணியெல்லாம் மொடமொடவென்று காய்ந்தது, ஒரு மணிக்கு மொட்டைக் கிளைகளில் வெள்ளை வெள்ளையாகப் பூ வெடித்தது. வரிசையில் நின்ற வெளியூர்க்காரர்கள் குல்லாயைக் கழற்றிவிட்டு வியர்வையைத் துடைத்தார்கள். சாலை முனையில் மூடுபனியின் வால் திரும்பி மறைந்த திசையைப் பார்த்து அவள் ஓட அடியெடுத்த நேரத்தில், பின்கட்டிலிருந்து ரெஜினா "அம்மா" என்று கூப்பிட்டாள்.

பிலோமினா ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் நின்றாள். கையெல்லாம் மாவு. பிறகு வீட்டுக்குள் போனாள்.

நாலு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தோள்வரை முடியும், வெட்டவேண்டிய அளவுக்கு நகமும் இருந்தன. ஊரில் எல்லோருக்கும் அன்றைக்கு முடி வளர்ந்துவிட்டதால் சின்னராசு கடையில் டீயை நிறுத்திவிட்டுக் கத்திரியை எடுத்தார். குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் இன்னாசியைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். யாரும் போகச் சொல்லவில்லையே என்றார் ஒருவர், இரண்டு தடவை.

மகளையும் பச்சைக் குழந்தையையும் விட்டுவிட்டுப் பிலோமினாவால் பத்து நாள் நகரமுடியவில்லை. பதினோராம் நாள் சம்பந்தியம்மா வந்ததும், அடுப்பை அவித்துவிட்டு பஸ் ஏறினாள். வழி கேட்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. கத்திரி வெயிலில் எந்த ஊரில் ஒரு நாள் சிலுசிலுவென்று தூறியது என்று விசாரித்தால் போதும். ஜனங்கள் வானத்தைக் காட்டிச் சந்தோஷமாகச் சொன்னார்கள். தாராபுரத்தில் பூக்காரி, போன செவ்வாய்க்கிழமை என்றாள். அடுத்த ஊரில் வெள்ளிக்கிழமை என்றார்கள். அதற்கடுத்த ஊரில் நேற்று. ரோடு அப்போதுதான் காய்ந்துகொண்டிருந்தது.

அங்கே பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு டீக்கடைச் சுவரில் பழுப்புத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. அவள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள்.

அரசாணிக்காயை இரண்டாக வெட்டுகிறாள்.
உள்ளே நேற்றைய வெயில்
அப்படியே இருக்கிறது.
அவள் அதைப் பார்ப்பதில்லை,
கரண்டியால் வழித்துப் போடுகிறாள்.

"பெரியவரு எழுதிக் குடுத்தாருங்க" என்றார் டீக்கடைக்காரர். "ரொட்டி ஒரு துண்டு குடுத்தாரு. எங்க ஊர்ல வெள்ளரி போட்டவங்க எல்லாம் இன்னும் நாலு நாள் இருந்துட்டுப் போங்கன்னு கெஞ்சினாங்க. ஒரு எடத்துல நின்னா அங்கயும் ஏதாவது நின்னு போயிரும், வேண்டாம்னுட்டாரு. இந்த பெஞ்சுலதான் உக்காந்திருந்தாரு. பக்கத்துல துண்டை விரிச்சு எடம் போட்டு வெச்சிருந்தாரு. யாருக்குன்னு கேட்டேன். வீட்டுக்காரி வருவான்னாரு. நீங்க அவருக்கு என்ன வேணுங்க?"

அவள் டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தாள்.

மூன்றாம் நாள் ஒரு சின்ன ஊரைப் பஸ் நெருங்கும்போதே தூறல் தெரிந்தது. இறங்கி ஓடினாள். அங்கே இரண்டு நாளாகத் தூறிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்த ஒருவரை ஆட்டோக்காரர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகவும் சொன்னார்கள். இன்னாசி ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். குளிர்காற்றுக்காக மற்ற நோயாளிகளின் கட்டில்களையும் அந்தப் பக்கம் நகர்த்திப் போட்டிருந்தார்கள். கண் திறந்து அவளைப் பார்த்தார், கையைப் பிடித்துக்கொண்டார். பேச்சு போயிருந்தது.

மூன்று நாள் அவள் அந்தக் கட்டிலை விட்டு எழவில்லை. இறக்கவேண்டிய தட்டு எதுவும் இருக்கவில்லை, யாரும் வரிசையில் நிற்கவில்லை, உலகத்தில் இருக்கிற அத்தனை நேரமும் அவளிடம் இருந்தது. "இப்பப் படிங்க, கேக்கறேன்" என்றாள். அவர் உதடு அசைந்தது. அவள் காதைக் கொண்டுபோய் வைத்தாள், மூச்சு மட்டும் வந்தது. பையில் பார்த்தாள், ஒரு ரொட்டி காய்ந்து கிடந்தது, தாள்கள் தீர்ந்திருந்தன. அதனால் அவளே சொல்ல ஆரம்பித்தாள். வேப்பமரத்தில் ஒரு காக்காய் நனைந்து நிற்கிறது என்றாள். எதிர்வீட்டுக்காரி வாசலில் அடுக்கிய விறகை உள்ளே எடுக்கிறாள், பாதி எடுத்துவிட்டு மீதியை மழையிலேயே விட்டுவிட்டு வானத்தைப் பார்த்து நிற்கிறாள் என்றாள். பேத்திக்கு உங்கள் நெற்றி என்றாள். ஒவ்வொன்றுக்கும் அவர் லேசாக விரலை அழுத்தினார். கூதிரைப் பற்றி அவள் வாழ்க்கையில் அத்தனை பேசினதே இல்லை, அது அவ்வளவு பேசக்கூடியது என்றும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. நாலாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, பேசிக்கொண்டிருக்கும்போதே தூறல் நின்றது. ஜன்னல் கம்பிகளில் வெயில் விழுந்தது. அவள் தொடங்கின வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

வேனில் ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். ஊர் முழுக்க வந்தது. உருளைக்கிழங்கு நன்றாக முளைத்திருந்தது, அதைச் சொல்லிவிடக்கூடாதே என்று போஜன் கடைசிவரை வாயை மூடிக்கொண்டே நின்றார்.

"அப்பா கடைசியா என்னம்மா சொன்னாரு?" என்று ரெஜினா கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல. நான்தான் பேசிட்டிருந்தேன்" என்றாள் பிலோமினா.

அடுத்த ஐப்பசி தன் நாளில் வந்தது. கீழ்க்காட்டிலிருந்து அரசாணிக்காய் மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவள் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். வெளியூர்க்காரர்கள் கார்களில் வந்து, பூட்டியிருந்த கதவைப் பார்த்துவிட்டு, பெஞ்சில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவிடம் ரொட்டி எப்போது கிடைக்கும் என்று கேட்டார்கள். இந்த மாதம் இல்லை, மற்ற மாதங்களில் பன் கிடைக்கும், வாங்க என்று அவள் சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடியும் இலை விழுவதைப் பார்த்தாள். அந்த வருஷம் ஐப்பசி முப்பது நாள்தான் இருந்தது. அதில் ஒரு நாள்கூட அவள் கடையைத் திறக்கவில்லை.